ஒன்பதாம் வளைவுக்கு ஒரு குறியீடு

நாகரிகம் நெருப்பில் தொடங்கியதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். நம்பாதீர்கள். அஞ்சல் குறியீட்டில்தான் தொடங்கியது. பெரு நாட்டு அமேசான் காட்டில், எங்கள் சுவின் ஆற்று வட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவன் அடியேன்: ஆந்தூன் செஹெம், 'அஞ்சல் குறியீடு மற்றும் புவியியல் பிரிவு'த் தலைவன். பிரிவின் ஊழியரும் நானே. வட்டத்தில் தபால்காரர் கிடையாது. அதனால் பணி எதுவும் தடைபடவில்லை.

அவாஹுன் ஜனங்களான நாங்கள் தூரத்தை ஆற்றின் வளைவுகளால்தான் சொல்வோம். "மூணு வளைவு தாண்டி வா" என்றால் குழந்தைக்கும் புரியும். நான் அதை 'விஞ்ஞானமாக' உயர்த்தினேன். வளைவுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஊர். தலைநகர் லிமாவிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது, ஏழு மாதம் கழித்து, வாழைத்தார்ப் படகில்.

அடுத்த வெள்ளத்தில் ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது. ஒன்பதாம் வளைவு குட்டையானது. அங்கிருந்தவர்கள் வீடுகளைப் பிரித்துப் புதுக் கரையில் கட்டிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் யானுவா, என் தாய்மாமன் மகள். அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"அத்தான், பாம்புக்கடி மருந்து கேட்டு எழுதியிருக்கேன். புது எடத்துக்கு வர்ற மாதிரி பண்ணு."

"அங்க வளைவே இல்லையே, புள்ள. எப்படி நம்பர் குடுக்கறது?"

"ஆறு பண்ணதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"ஆத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம்னு மேயர் சொல்றாரு."

"நல்லா அனுப்பு. யாரு கையெழுத்துப் போட்டு வாங்குவா, முதலையா?"

கூட்டம் கூடியது. மேயர் சிம்புகட் மூன்று குடுவை மரவள்ளிக் கள்ளுக்குப் பின் தீர்மானம் சொன்னார்: 'ஆறு பழைய நிலைக்குத் திரும்பும்வரை பழைய குறியீடே செல்லும்.' பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன்.

மருந்து வந்தது, ஐஸ் பெட்டியில். பட்டுவாடாவுக்கு நானே படகேறினேன். புதுக் கரையில் யானுவா கள் நீட்டினாள். மறுப்பது மரியாதை இல்லை, குடித்தேன்.

"பொட்டி எங்களுக்குத்தானே?"

"ஒன்பதாம் வளைவுக்கு."

"நாங்கதானே அது!"

"இருந்தீங்க. இப்ப அங்க போய்த்தான் குடுக்கணும்."

முறைக்காரன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். நான் குட்டைக்குப் போனேன். கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. 'பெறுநர் இல்லை' என்று முத்திரை குத்தினேன். திரும்பும்போது யானுவா கரையோடு ஓடிவந்து கத்தினாள். மோட்டார் சத்தத்தில் காது கேட்கவில்லை; கையசைத்தேன். பெட்டி விதிப்படி நகரத்துக்கே போய்ச்சேர்ந்தது.

பதினோரு நாள் கழித்து யானுவாவின் தம்பி தாயிஜினை மரவள்ளிக் கொல்லையில் பாம்பு கடித்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். என்னோடு மீன் பிடித்த மச்சான்.

வட்டத்தின் இறப்புப் பதிவேடும் என் பொறுப்புதான். பதிய யானுவா வந்தாள். 'இறந்த இடத்தின் குறியீடு' கட்டத்தில் என் பேனா நின்றது.

"அந்த எடத்துக்கு நம்பர் இல்ல, புள்ள. நம்பர் இல்லாம பதிய முடியாது."

ஆகவே எங்கள் பதிவேட்டின்படி தாயிஜின் இன்றும் உயிரோடு இருக்கிறான். என் நிர்வாகத்தில் பாம்பு கடித்து ஒருவர்கூடச் சாகவில்லை என்பதை லிமா பாராட்டியிருக்கிறது.

யானுவா அழவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"செத்த எடம் வேணாம், அத்தான். கொன்ன எடம்னு ஒரு கட்டம் போடு. அதுக்கு நம்பர் இருக்கு. இந்த ஆபீஸ் நம்பர எழுது."