வெளிமான் மாப்பிள்ளையும் நுரைக்கூடும்

மாப்பிள்ளைக் கோலத்தில் போகிறவன், போன இடத்தில் எதையும் சுத்தம் செய்யக் கூடாது. இந்த ஞானம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

பெண் பார்க்க வால்பாறை போயிருந்தோம். பெண் சுகன்யா, தவளைகளை ஆராய்கிறவள். எனக்கோ வெளிமான் பைத்தியம். எங்கள் சோளக்காட்டில் (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்) மேய வரும் மான்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றனவே என்று ஊரெல்லாம் புலம்பித் திரிகிறவன். அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"தவளை தாவறதெல்லாம் ஒரு தாவலுங்களா? எங்க வெளிமான் ஒரு தாவு தாவுனா இந்த வேலி எந்த மூலைக்குங்க?" என்றேன்.

"இங்கத்த தவளை மரத்துக்கு மரம் பறக்குமுங்க. ஆபத்துன்னா உங்க மான் ஓடிப் பொழச்சுக்கும். இதோட முட்டை எங்கீங்க ஓடும்?" என்றாள் சுகன்யா.

எனக்கு ஆளை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

பஜ்ஜி தின்ற கையைக் கழுவப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். தொட்டிக்கு மேல் சாய்ந்த கிளையில் ஓர் இலை முழுக்க வெள்ளை நுரை. சோப்பு நுரையை யாரோ அப்பிவிட்டிருக்கிறார்கள்! நல்ல பேர் வாங்கும் ஆசையில் இலையைப் பிய்த்தேன்.

"ஐயோ, என்ன பண்ணிப்போட்டீங்க!" துண்டோடு பின்னால் வந்த சுகன்யா அலறினாள்.

"சோப்பு நுரைங்க அம்மணி, சுத்தம் பண்ணிப்போட்டனுங்க."

"அதுக்குள்ள முட்டைங்க!"

தாய்த்தவளை பின்னங்காலால் நுரை அடித்து, அதற்குள் முட்டையிடுமாம். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேரே கீழே தண்ணீரில் விழுமாம். காலால் அடித்த நுரையில் தொட்டில்! என் மான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது நடக்காது.

சுகன்யா பட்டுப்புடவையில் குத்தியிருந்த ஊக்குகளை உருவி, இலையைக் கிளையோடு சேர்த்துக் குத்தினாள். நான் கிளையைத் தாங்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா வந்தார். மடிப்பு சரிந்த புடவையோடு பெண், மரத்தைக் கட்டிக்கொண்டு மகன்.

"கண்ணு, என்னடா இது கூத்து?"

கிளம்பும்போது சுகன்யா சொன்னாள்: "அது பொழச்சா பாக்கலாமுங்க."

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தவளைக்காகச் சாமி கும்பிட்டேன். அந்த வாரமே போன் வந்தது.

"எல்லாம் தண்ணிக்கு எறங்கீருச்சுங்க. ஊட்டுல சரின்னு சொல்லிப்போடுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் காட்டில் வெளிமான் துள்ளியதைப் பார்த்து அவளும் வாய் பிளந்தாள். சண்டை சமரசமாயிற்று. ஆனால் இன்றைக்கும் நான் முகத்தில் நுரை பூசிச் சவரத்துக்கு உட்கார்ந்தால், என் மகள் கத்துவாள்:

"அம்மா, ஊக்கு எடுத்துட்டு ஓடி வாங்க! அப்பா மறுபடியும் சுத்தம் பண்றாரு!"