மூன்று டிரான்சிஸ்டரைக் கொன்ற முயல்

ஒரு காட்டில் ஒரு பாலிடெக்னிக் இருந்தது. காட்டுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். ஊரில் இருப்பதையெல்லாம் காரணம் பார்த்தா கட்டினார்கள்? ராஜா சிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. டிப்ளமோ வாங்கியவர்களை அது சாப்பிடாது. ஃபெயிலானவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் தாங்களாகவே குகைக்கு வந்துவிட வேண்டும்.

தவமணி என்ற முயலுக்கு ஒரே ஒரு அரியர். ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர் பிராக்டிகல். கடைசி வாய்ப்பு வேறு. பயத்தில் மூன்று நாளாகப் புல் இறங்கவில்லை, பாவம். ஆனாலும் பரீட்சைக்குப் பளிச்சென்று போக வேண்டுமே! வறண்ட பங்குனி வெயிலில் பிளாஸ்டிக் சீப்பால் உடம்பு முழுக்க நூறு தடவை வாரிக்கொண்டு போனது.

பரீட்சை வைத்தவர் கொக்கு சார். குளத்தில் ஒற்றைக் காலில் நின்றபடியேதான் எதையும் செய்வார்.

“டிரான்சிஸ்டரோட மூணு கால்ல கேட்ங்கற கால் என்ன செய்யும், சொல்லு.”

“கேட்ல வோல்டேஜ் குடுத்தா போதும் சார். அதுக்குள்ள கரண்ட் போகாது. அந்த மின்புலமே கீழ வழியத் திறந்துவிடும். சோர்ஸ் கால்லேருந்து டிரெயின் காலுக்கு எலக்ட்ரான் ஓடும்.”

“பிரமாதம். இப்ப பல்பை எரிய வை.”

முயல் டிரான்சிஸ்டரைத் தொட்டது. டப்! வாரிய ரோமத்தில் சேர்ந்திருந்த மின்சாரம் பாய்ந்து, கேட்டுக்கு அடியில் இருந்த மெல்லிய படலம் ஓட்டையாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தது. அதுவும் போச்சு. மூன்றாவதும் அப்படியே.

“முப்பது வருஷமா நான் தொட்டு ஒண்ணுகூடப் போனதில்ல. நீ படிக்காம வந்திருக்கே,” என்றார் உடம்பில் சேரும் மின்சாரமெல்லாம் இறங்கிப்போகும்படி தண்ணீரிலேயே நின்ற கொக்கு.

“எல்லாத்தையும் சொன்னேனே சார்!”

“அடுத்து யாரு?”

எருமை நேராகச் சேற்றிலிருந்து எழுந்து வந்தது. “இதுல எது சார் டிரான்சிஸ்டர்?” என்று விசாரித்து, ஈரக் குளம்பால் அதைச் சொருகியது. பல்ப் எரிந்தது. முதல் வகுப்பு.

முயல் அழுதுகொண்டே குகைக்குப் போனது. சாவதுதான் சாகிறோம், லட்சணமாகச் சாவோம் என்று வாசலில் நின்று இன்னும் நூறு தடவை வாரிக்கொண்டது. சிங்கம் குனிந்து மோந்து பார்த்தது. மூக்கில் பளீரென்று ஒரு பொறி!

“ஐயோ அம்மா!” என்று துள்ளி விழுந்தது சிங்கம். “உடம்புலயே இவ்வளவு கரண்ட் வெச்சிருக்கே. உன்னையா ஃபெயிலாக்கினான் அந்தக் கொக்கு?”

சாயங்காலமே தவமணி பிரின்சிபால் ஆகிவிட்டது. அது அனுப்பிய முதல் சர்க்குலர்: ‘பிராக்டிகலுக்கு வரும் மாணவர்கள் நன்றாகத் தலைவாரிக்கொண்டு வர வேண்டும்.’

அந்த வருஷம் ஒருவரும் பாஸாகவில்லை. சிங்கம் நாலு சுற்றுப் பெருத்தது.

நீதி: பல்பை எரிய வைத்தால் டிப்ளமோ கிடைக்கும். பிரின்சிபால் ஆக வேண்டுமென்றால் ராஜாவின் மூக்கில் ஷாக் அடிக்க வேண்டும். இரண்டும் முடியாதவர்கள் சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டு உடனடியாகச் சேற்றில் புரளவும்.