தலைகீழ்த் தலைவர்

"எது மேல வரணும்?"

கொடைக்கானல் கடைக்காரர் கொடியை மடிப்பதை நிறுத்திவிட்டு வேலப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காவிதான் சார் டாப். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும்ங்க. கைக்கு வந்ததும்தான் கொழம்புது."

குழம்பாமல் என்ன செய்யும்? போன சுதந்திர தினத்தன்று கூக்கால் கிராமத்துப் பூண்டு விவசாயிகள் சங்கத்தில் அப்போதைய தலைவர் குமரகுரு கொடியேற்றினார். பாதிக் கம்பத்துக்கு மேல் ஒரே மூட்டம். கொடி பறக்கிறதா, படுத்துத் தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. வேலப்பன்தான் கம்பத்தடிக்கு ஓடிப்போய், அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்தார். வெள்ளை மூட்டத்துக்கு நடுவே கொடி மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. பச்சை மேலே, காவி கீழே! அப்படியே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். மூட்டமும் அன்று முழுக்கக் கலையவில்லை. அன்றே குமரகுருவுக்குத் 'தலைகீழ்த் தலைவர்' என்று பெயர் விழுந்தது. அடுத்து வந்த சங்கத் தேர்தலில் பதவியும் போய், வேலப்பன் தலைவரானார்.

குமரகுரு வேறு யாருமில்லை, வேலப்பனின் மனைவி அன்னக்கொடியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு வருடமாகத் தங்கை வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. வேலப்பனும் சிரிப்பதை நிறுத்தவில்லை. இப்போது கொடி தன் கைக்கு வந்ததும்தான் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மேடைப் பேச்சுக்கு நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை வளம்ங்க" என்றார் பெர்லின் டீச்சர். "நடுவுல இருக்க சக்கரம், நிக்காம போய்க்கிட்டே இருக்கணும்னு சொல்லுது."

"நம்மூர் பஸ்ஸு மாதிரியா டீச்சர்?"

"அந்தப் பஸ்ஸை நெனச்சுக்கிட்டு மேடையில பேசிராதீங்க. ஈஸியா ஒண்ணு சொல்றேன். மேல கேரட், நடுவுல பூண்டு, கீழ பீன்ஸ். இனி மறக்கவே மறக்காது."

மறக்கத்தான் இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேரட் தோட்டம். வேலப்பன் வரப்பிலேயே நின்றுவிட்டார். 'கேரட்டு மண்ணுக்குள்ளல்ல கெடக்கு? பீன்ஸ்தானே கம்பு புடிச்சு மேல ஏறும்?'

வீட்டுக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று காவிப் பக்க மூலையில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தார். பிறகு ரோஜா இதழ்களை உள்ளே வைத்துக் கொடியைப் பக்குவமாக மடித்து முடிந்தார். நூலைத் தேடினால் காணோம்.

"அதுவா? புதுக் கொடியில நூலு பிரிஞ்சு தொங்குச்சு. நீங்க இதழ் பறிக்கப் போனப்ப வெட்டிவிட்டேன்" என்றாள் அன்னக்கொடி.

அவசரமாக முடிச்சைப் பிரித்தார். இதழ்கள் பூண்டுக் குவியலில் கொட்டின. அள்ளிப் போட்டு மறுபடி மடித்தார். மடித்ததும் கேரட்டா பீன்ஸா என்ற சந்தேகம் வந்தது. மறுபடி பிரித்தார்.

"இப்பிடியே பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுனா கொடி கிழிஞ்சுதான் போகும். எங்கண்ணனைக் கேளுங்க. பட்டவரு, சரியாச் சொல்லுவாரு."

வேறு வழியில்லாமல் வெட்கத்தை விட்டு மச்சான் வீட்டுக்குப் போனார். குமரகுரு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"காவி மேல மாப்ள. நானும் அப்பிடித்தான் கட்டுனேன்."

வேலப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மச்சான் சரியாகக் கட்டியே தலைகீழாக வந்தது என்றால், கோளாறு கம்பத்தில் அல்லவா? அப்படியானால் தலைகீழாகக் கட்டினால்தான் நேராக வருமோ? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடைசியில், "முருகா, நீ பாத்துக்க" என்று காவியை மேலே வைத்துக் கட்டிவிட்டார்.

மறுநாள் சுதந்திர தினம். வெள்ளனே சங்கத்து வாசலில் ஊரே கூடிவிட்டது. மூட்டமும் சொல்லிவைத்தாற்போல வந்து கம்பத்தை விழுங்கியிருந்தது. வேலப்பன் கயிற்றை இழுத்தார். ரோஜா இதழோடு பூண்டுத் தோலும் தலையில் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் ஈரம் படிந்து ஒன்றும் தெரியவில்லை.

"தலைவரே, நேரா, தலைகீழா?" என்று கூட்டத்திலிருந்து பிக்கப் ஓட்டும் ரெக்ஸ் கத்தினான்.

வேலப்பன் மைக்கைப் பிடித்தார்.

"காவின்னா தியாகம். வெள்ளைன்னா உண்மை. நான் எப்பவும் உண்மையைப் போட்டோ புடிச்சுக் காட்டுறவன்! அன்னக்கொடி, போன வருசம் நான் நின்ன அதே எடத்துல நின்னு எடு. வெரசா எடுத்துக் குரூப்புல போடு!"

அவள் கம்பத்தடியில் நின்று, அண்ணாந்து, எடுத்து, அனுப்பினாள். ஊரின் சட்டைப் பைகளெல்லாம் டிங் டிங் என்றன.

பச்சை மேலே. காவி கீழே.

"ஏலே, தலைகீழ்த் தலைவர் நம்பர் ரெண்டு!"

சிரிப்பில் சங்கத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. வேலப்பனுக்கு அப்படியே மண்ணுக்குள் போய்க் கேரட்டோடு கேரட்டாகக் கிடந்துவிடலாம் போலிருந்தது. சிரிக்காத ஒரே ஆள் குமரகுருதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வேலப்பன் தோளில் கை வைத்தார்.

"விடுங்க மாப்ள. எனக்குப் பழகிருச்சு. உங்களுக்கும் பழகிரும்."

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மூட்டம் கலைந்தது. உச்சியில் கொடி படபடத்துப் பறந்தது. மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை.

சிரிப்பு அடங்கிப்போனது. எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். போனைப் பார்த்தார்கள். மறுபடியும் கொடியைப் பார்த்தார்கள். அன்னக்கொடி தன் போனை மெல்லத் தலைகீழாகத் திருப்பினாள். பிறகு புருஷன் பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த மைக் அணையாமல் இருப்பதைக் கவனிக்காமல், ரகசியமாகக் கேட்டாள்:

"ஏங்க, இங்கன நின்னு அண்ணாந்து எடுத்தா போட்டோ தலைகீழாத்தான் விழுகுது. அப்ப போன வருசம் எங்கண்ணன் ஏத்துன கொடி?"