எனக்கு இல்லாத கிட்னிக் கல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கை எழுதுவது. நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம், டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கிட்னியில் கல் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தது நீ. எனக்கு வந்தது மனச்சோர்வு. தலை வாரக்கூடத் தெம்பில்லாமல் படுக்கையில் கிடந்தேன். மாத்திரை சாப்பிட்டேன், டாக்டரிடம் மனம்விட்டுப் பேசினேன், தேறி வேலைக்கும் போகிறேன். இதில் கல் எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கேட்டதற்கு, "கல்லுன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கம்மா" என்றாய். நினைக்கவில்லைதான். சித்தி ஏதோ கஷாயத்தைப் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து, நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே கல் உள்ள உன் மாமனார் தினமும் போன் செய்து, "உனக்கு எந்தப் பக்கம்மா? எனக்கு இடது" என்கிறார். ஒருநாள் இடது என்றும் மறுநாள் வலது என்றும் உளறிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் கல் என்று செய்தி பரவி, பெரியப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்தேன். "எனக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. மனசுக்குத்தான் வைத்தியம் பார்த்தேன்" என்றேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனால், துணி வெட்டுகிற என் மேஜையில் கத்தரிக்கோலைக் காணோம். சூப்பர்வைசர் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"கொஞ்ச நாளைக்குத் துணி மடிச்சுட்டு இரும்மா. உன் நல்லதுக்குத்தான்."

"இத்தனை வருஷத்துல துணியைத் தவிர நான் எதை சார் வெட்டினேன்?"

"அதுக்கில்லம்மா, ஒரு முன்னெச்சரிக்கை."

மனிதருக்குச் சர்க்கரை வியாதி; வேலை நடுவே மயங்கி விழுந்தவர். அதற்காக அவர் கையிலிருந்த சாவியை யாராவது பிடுங்கினோமா?

மடிக்க மாட்டேன் என்று நாற்காலியை அந்தப் பீரோ முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்டாத துணி மலையாகக் குவிந்தது, தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்போது பட்டன் தைக்கும் அக்கா தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து, "அந்த டாக்டர் நம்பர் இருக்கா? எனக்கில்ல, எங்க நாத்தனாருக்கு" என்றாள். பின்னாலேயே இஸ்திரி போடுகிறவர், "என் பிரெண்டு ஒருத்தனுக்குத் தூக்கமே வர்றதில்லையாம்" என்றார். அந்த நாத்தனாரும் பிரெண்டும் யாரென்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சாயங்காலம் சூப்பர்வைசரே வந்து கத்தரிக்கோலை நீட்டினார். நீட்டியவர் நகரவில்லை. "என் பொண்ணு பிரசவத்துக்கப்புறம் யார்கிட்டயும் பேசுறதே இல்லம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. அன்றைக்கு எதையும் மறைக்காமல், சொந்தப் பெண்ணுக்கு என்று சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரை மன்னித்தேன்.

இத்தனை பேர் கேட்டதால், வருகிற சனிக்கிழமை என் டாக்டர் எங்கள் கம்பெனிக்கே வந்து பேசுகிறார். "ஆரோக்கிய முகாம்னு மட்டும் போடுவோம்" என்றார் முதலாளி. நான் மீந்த துணியில் 'மனநலம்' என்று எழுத்து வெட்டித் தைத்து வாசலிலேயே தொங்கவிட்டேன். நீ சித்தியையும் உன் மாமனாரையும் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, கல் உன் வாயில்தான் விளைந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மூத்தவளாக இருந்தால் ஆசீர்வதித்திருப்பேன். இளையவள், ஆகையால் வெறும் வணக்கம்.

ஆறாத கோபத்துடன்,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அண்ணி போன் செய்தாள். நீ வேலைக்குப் போவதில்லையாம். பகலிலும் ஜன்னலைத் திறக்க விடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கார்" என்று அழுதாள். மேலே எழுதிய எதையும் படிக்காதே. காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன், இந்தக் கடிதமும் என் கையோடு வரும். நீ பேச வேண்டாம், எழுந்திருக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னால் முடிகிற அன்றைக்கு டாக்டரிடம் போவோம். அதுவரை யார் வந்து கேட்டாலும், வாய்க்கு வந்த பொய்யை நானே சொல்லிக்கொள்கிறேன்.