இரண்டு குழாயும் ஒரு கணக்குப் புலியும்

காட்டில் புலிகள் குறைந்துவருகின்றன என்று கவலைப்படுகிறவர்கள் ஓர் இனத்தை எண்ண மறந்துவிட்டார்கள். கணக்குப் புலி. தெருவுக்கு ஒன்று நிச்சயம் உண்டு. உங்கள் அடுக்ககத்தில் இரண்டு இருந்தால் என் அனுதாபங்கள்.

அடையாளம் சுலபம். சட்டைப் பையில் மூடி தொலைந்த பேனா, கையில் யாருக்கோ வந்த கடிதத்தின் உறை. மளிகைக் கடைக்காரர் கூட்டிய பில்லை அவர் கண்ணெதிரே மறுபடி கூட்டி, அது சரியாக இருந்துவிட்டால் முகம் வாடி, காய்ச்சல்காரரைப் பார்க்கப் போன இடத்தில் அவர் மகளிடம் முக்காலை அரையால் வகுத்தால் என்ன என்று கேட்டு, அவள் விழிப்பதை ரசித்து, "அரையைக் கவிழ்த்துப் போடு, பெருக்கு, அவ்வளவுதான்" என்று விடையையும் தாமே சொல்லிவிட்டு எழுந்து வரும் ஆசாமி இவர்.

ஏன் கவிழ்க்க வேண்டும்? கேட்டுவிடாதீர்கள். ஏன் என்று கேட்டால் கணக்கு வராது என்பார். அரையின் தலைகீழி இரண்டு, ஐந்தின் தலைகீழி ஐந்தில் ஒன்று, எந்த எண்ணையும் அதன் தலைகீழியால் பெருக்கினால் ஒன்று, சுழியத்துக்கு மட்டும் தலைகீழியே கிடையாது. இவ்வளவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எதற்காக அதை எடுக்க வேண்டும் என்பதுதான் விழித்திருக்கும்போதும் தெரியாது.

அப்படி ஒரு புலி நாலாவது மாடியில் குடியிருந்தது. குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பும் அதற்கே. புலியின் மனைவி, நாத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். அன்று மாலை நாலு மணிக்குப் புதிய மருத்துவமனை ஒன்றின் வண்டி வர வேண்டும். அதன் ஒரு மாடிக்கான இருபத்துநாலு திரைச்சீலைகளைத் தைத்து, தேய்த்து, வீட்டில் இடமில்லாமல் மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே இருந்த அறையில் அடுக்கியிருந்தாள். இது பிடித்துப்போனால் மருத்துவமனையின் மற்ற மாடிகளின் வேலையும் அவளுக்குத்தான். பிடிக்காவிட்டால் பழையபடி பக்கத்து வீட்டுச் சட்டைக்குக் கை சுருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கென்று தொட்டியைக் கழுவிக் காலியாக வைத்திருந்தார்கள். பழைய குழாய் மட்டும் என்றால் தொட்டி நிறைய மூன்று மணி நேரம். போன வாரம் போட்ட புதுக் குழாய் மட்டும் என்றால் ஆறு. பதினோரு மணிக்குப் புலி இரண்டையும் திறந்துவிட்டு உறையை எடுத்தது. மூன்றும் ஆறும் ஒன்பது, அதில் பாதி நாலரை. மூன்றரை மணிக்கு நிறையும் என்று அறிவித்து, வேறு யாரும் கை வைக்காதபடி குழாய்ப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முடிவெட்டக் கிளம்பியது.

"ஏங்க, பழைய குழாய் ஒண்ணே மூணு மணி நேரத்துல நிரப்பிடுதே. இன்னொண்ணும் சேர்ந்து ஊத்தினா எப்படிங்க நாலரை ஆகும்?"

"அது சராசரி. உனக்குச் சொன்னாப் புரியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைக் கொடுத்து நேரத்தைத் தொலைக்க அவளுக்கு வழியில்லை. ஒரு கட்டுத் துணியைத் தனியாகத் தைத்தால் அவளுக்கு மூன்று மணி நேரம், நாத்தனாருக்கு ஆறு. ஒரு மணி நேரத்தில் இவள் கையில் மூன்றில் ஒரு பங்கு, அவள் கையில் ஆறில் ஒரு பங்கு, சேர்த்தால் பாதிக் கட்டு. முழுசுக்கு இரண்டு மணி நேரம். தொட்டிக்கும் அதே கணக்குதான். மூன்றையும் ஆறையும் கவிழ்த்துக் கூட்டி, வந்ததை மறுபடி கவிழ்க்கிற வேலைதான். அதற்குத் தலைகீழி என்று பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. சொன்ன நேரத்துக்குத் துணி கொடுக்கத் தெரியும்.

"ஒரு மணிக்கு ரொம்பிடும். வா, எல்லாத்தையும் கீழ இறக்கிடலாம்."

"அண்ணன் நாலரை மணி நேரம்னு சொன்னாரே, அண்ணி?"

"சொன்னார்."

இருவரும் மூச்சிரைக்கப் படியேறி இறங்கினார்கள். கடைசிக் கட்டு வீட்டுக்குள் வந்தபோது ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. ஒரு மணிக்குத் தொட்டி வழிந்தது. அறைக்குள் புகுந்து, படியில் இறங்கி, மூன்றாவது மாடிக்காரரின் செருப்பை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோனது தண்ணீர். புலியின் கைபேசி வீட்டு மேசையிலேயே கிடந்து அலறியது. சாவியும் புலியும் எந்த முடிதிருத்தகத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்றரைக்கு, நிமிடம் பிசகாமல், பளிச்சென்ற தலையோடு புலி வந்தது. கால்சட்டையை மடித்துக்கொண்டு ஏறிக் குழாய்களை மூடியது. உறையை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தது.

"கணக்கு சரிதான். தண்ணிதான் வேகமா வந்துடுச்சு."

நாலு மணிக்கு வந்த மருத்துவமனை மேலாளர் அம்மாள் ஈரம் படாத திரைச்சீலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மற்ற மூன்று மாடிகளுக்கும் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். புலி பேனாவை எடுத்தது.

"நீங்க போய் மாடியைத் துடைங்க" என்றாள் மனைவி. பிறகு தேதியைச் சொன்னாள்.

பாவம் புலி என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? போகும்போது அறுபது கிலோமீட்டர் வேகம், அதே சாலையில் திரும்பும்போது முப்பது. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? நாற்பத்தைந்து என்று உங்கள் உதடு அசைந்ததே, கவனித்தேன். விடை நாற்பது. நம்பாமல் இப்போது காகிதம் தேடுகிறீர்கள். தேடுங்கள். அப்படியே தலையைத் திருப்பி, உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் சாமான்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.