பங்களாவுக்குக் கேக்கக் கூடாத ஸ்பீக்கர்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். பதுளையில வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் செட்ட எங்க தேயிலத் தோட்டத்துக் கோயில்ல பூட்டிப் பாட வைக்கணும். மறுநாள்லேர்ந்து மூணு நாள் திருவிழா. தோட்டம் அரசாங்கத்து கைக்குப் போன புதுசு அது.

ஏன் என்கிட்ட குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. ஒரு தடவ நாங்க குடியிருக்கிற லயத்து ரேடியோ பாடாம நின்னப்ப, அது மண்டையில ஒரு தட்டு தட்டுனேன். பாடிருச்சு. அதுலேர்ந்து தோட்டத்துக்கே நான்தான் இஞ்சினியர்.

ஸ்பீக்கர் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, பொறுமையாத்தான் சொல்லிக் குடுத்தாரு. "தம்பி, இது மைக் சொருகுற ஓட்ட, இது ரெக்கார்ட் சொருகுற ஓட்ட. மூணு குழாய்க்கும் தனித்தனி சுவிச் இருக்கு. வெளங்கினதா?"

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா நானா?"ன்னேன். சொல்லணும்தான். ரெண்டு தடவ சொல்லியிருக்கணும்.

குழாய் ஸ்பீக்கர் மூணு. ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு பள்ளத்து லயத்துக்கு, ஒண்ணு மேட்டு லயத்துக்கு. மேட்டு லயத்துக்கு மேலதான் தோட்டத்து மேனேஜர், எங்க தொரையோட பங்களா. அங்கதான் வில்லங்கம்.

தொரை எங்கள வேல வாங்குற கங்காணியக் கூப்பிட்டு கறாரா சொல்லிட்டாரு. "நான் பங்களாவுல இருக்கிற நேரம் சத்தம் வரக் கூடாது. வந்தா திருவிழா இல்ல." அதனால அவரு உள்ள இருந்தா மேட்டுக் குழாய ஆஃப் பண்ணணும். அன்னிக்கு உள்ளதான் இருந்தாரு.

வருசம் பூரா கொழுந்து எடுக்கிற சனத்துக்கு இருக்கிறதே அந்த மூணு நாள்தான். அது போச்சுன்னா என்னைய உயிரோட விடமாட்டாங்க. சாமியும் தடுக்காது.

வயர் மாறிரக் கூடாதுன்னு அடையாளத்துக்குத் துணி கட்டி வச்சேன். என்ன புத்தி பாருங்க. மூணு வயருக்கும் ஒரே செவப்புத் துணி.

அதோட விட்டேனா? மைக்க ரெக்கார்ட் ஓட்டயில சொருகிட்டேன், ரெக்கார்ட மைக் ஓட்டயில. பாட்டக் கொறைக்கத் திருகுனா பூசாரி கொரல் அமுங்குது. பூசாரியக் கூட்டுனா பாட்டு அலறுது.

"என்னடா பண்ற?"ன்னாரு கங்காணி.

"செட்டு சூடாகணும் கங்காணி."

அப்பறம் ரொம்பத் தெளிவா, மேட்டுக் குழாய்தான்னு ஒரு சுவிச்ச ஆஃப் பண்ணுனேன். கொஞ்ச நேரத்துல பள்ளத்து லயத்து அக்கா ஒண்ணு மூச்சு வாங்க ஏறி வந்துச்சு.

"தம்பி, எங்களுக்கு ஒண்ணும் கேக்கலயே?"

"பள்ளத்துக்கு சத்தம் எறங்க நேரமாகும்க்கா. போய் இருங்க."

நம்பிப் போயிருச்சு, பாவம்.

கங்காணி வெத்தல மென்னுக்கிட்டே மேட்டப் பாத்தாரு. "டேய், பங்களாவுக்குக் கேக்கலதானே?"

"சந்தேகமா? இப்பவே பாருங்க"ன்னேன்.

பங்களா சமையக்காரரு மாணிக்கம், மேல கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னாரு. கோயில்லேர்ந்து பாத்தா ஆள் நல்லாத் தெரியும். மைக்க எடுத்தேன்.

"மாணிக்கண்ணே, பங்களாவுக்குக் கேக்குதா? கேக்கலன்னா கைய ஆட்டுங்க."

மாணிக்கண்ணே ரெண்டு கையையும் ஆட்டுனாரு.

"பாத்தீங்களா, கேக்கலயாம்"ன்னேன். கூட்டமே கை தட்டுச்சு. பூசாரி என் நெத்தியில விபூதி பூசிவிட்டாரு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

கங்காணி மட்டும் வெத்தல மெல்றத நிறுத்திட்டாரு. "ஏன்டா, கேக்காதவன் எப்புட்றா கைய ஆட்டுவான்?"

நான் அதுக்கு ஒரு பதில் தேடிக்கிட்டு இருக்கும்போதே தொரையோட ஜீப்பு எறங்கி வந்துருச்சு.

தொரை சத்தமே போடல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. "யாரு இத பூட்டினது?"ன்னு மட்டும் கேட்டாரு. அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல என்னையக் காட்டுனாங்க. யூனியன் கூட்டத்துலகூட அப்படி ஒரு ஒத்துமைய நான் பாத்ததில்ல.

"தொரைங்களே, திருவிழாவ மட்டும் நிறுத்திராதீங்க"ன்னு கங்காணி கும்பிட்டாரு.

தொரை என்னைய மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "திருவிழா நடக்கட்டும். இவன் செட்டுக்கிட்ட வரக் கூடாது. மூணு நாளும் பங்களா வாசல்ல நிக்கணும். சத்தம் கேட்டா எனக்கு வந்து சொல்லணும்."

மறுநாள் நானாவே பஸ்ஸேறி வந்து எல்லாத்தையும் கழட்டித் திரும்பப் பூட்டுனாரு. நான் பங்களா வாசல்ல காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். தேரு ஜோரா ஓடிச்சாம். கூத்து அமர்க்களமாம். பள்ளத்து லயத்துல பாட்டுக்குக் கெழவங்ககூட ஆடுனாங்களாம்.

எனக்கு ஒரு சத்தமும் கேக்கல.