ஓவர் அங்கிள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இந்து சமுத்திரம் முழுவதையும் ஒட்டுக்கேட்ட ஒரே மனிதர் எங்கள் மேல்வீட்டு ஓவர் அங்கிள்தான்.

மருதானையில் வாங்கிய பழைய ரேடியோ ஒன்று அவரிடம் இருந்தது. ஆபிரிக்காவின் மொம்பாசாத் துறைமுகம் வரையுள்ள தூரத்துக் கப்பல்கள் தங்களுக்குள் கதைப்பதை அதில் கேட்கலாம்; திரும்பிக் கதைக்க முடியாது. கப்பல்காரர்கள் பேசி முடித்து மற்றவருக்கு முறை விடும்போது "ஓவர்" என்பார்கள். கேட்டுக் கேட்டு அந்த வியாதி இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"பாரை கிலோ என்ன விலை? ஓவர்" என்பார் மீன்காரரிடம்.

"ஓவரா? சரி, ஐயாவுக்கு அம்பது குறைக்கிறன்."

அங்கிளுக்குக் கடைசிவரை அந்தத் தள்ளுபடியின் காரணம் தெரியாது.

ஒருநாள் மொட்டைமாடியில் அவர் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் என் மனைவி ஈரச் சீலையைக் காயப்போட்டுவிட்டாள். அங்கிள் அங்கிருந்து மூன்று மாடி இறங்கி மூச்சிரைக்க வந்தார். "தங்கச்சி, உங்கட சீலை மொம்பாசாவை மறைக்குது. ஓவர்!"

"ஊர்க் கப்பலெல்லாம் கதைக்கிறதை ஏன் அங்கிள் கேக்கிறியள்?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "கப்பல் வேலைக்குப் போனா என்னோட கதைக்காதை எண்டு மகனுக்குச் சொன்னனான். சொல்வழி கேக்கிற பிள்ளை. மூண்டு வருசமாக் கதைக்கேல்லை. எந்தக் கப்பலிலயாவது அவன்ர குரல் கேக்காதோ எண்டுதான். ஓவர்."

மகனின் நண்பர்களைத் தேடிப் பிடித்து என் நம்பரைச் சொல்லி அனுப்பினேன். ஒரு மத்தியானம் அவனே எனக்குப் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு அங்கிளின் கையில் கொடுத்தேன்.

"அப்பா?"

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாயே திறக்கவில்லை.

"அப்பா, இன்னும் கோவமோ?"

மகன் வைத்துவிடப் போகிறான் என்ற பயத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மனிதர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார்!

"தம்பி, கடைசியில ஓவர் எண்டு சொல்லுங்கோ. அப்பத்தான் அங்கிள் கதைப்பார்" என்று கத்தினேன்.

"அப்பா... ஓவர்."

"கேக்குது மோனை. வடிவாக் கேக்குது. சாப்பிட்டியா? ஓவர்."

போன வருடம் மகன் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்லதுதான். ஆனால் அவரில்லாத மொட்டைமாடி எனக்குப் பிடிக்கவே இல்லை. கம்பி மட்டும் இன்னும் அங்கே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புக் காயப்போட எவ்வளவு இடநெருக்கடி என்றாலும், என் மனைவி அதில் ஒரு கைக்குட்டைகூடப் போடுவதில்லை.

"மொம்பாசாவை மறைக்குமப்பா" என்கிறாள்.